பட்டா மட்டும் போதுமா? ஓசேஜ் மக்களின் எண்ணெய் நிலம் சொல்லும் பாடம்

சென்ற மாதம் பஞ்சமி நிலம் பற்றிய படிப்பு வட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, பட்டா நம்ம பேர்ல இருந்துட்டா அப்புறம் யாராலயும் பிடுங்க முடியாதுல்ல?" முடியும் தோழர்களே. எப்படி என்பதை அமெரிக்கப் பூர்வகுடிகளான ஓசேஜ் மக்களின் வரலாறு காட்டுகிறது.

வெள்ளையர் குடியேற்றத்தால் கான்சாஸிலிருந்து வெளியேற்றப்பட்ட ஓசேஜ் மக்கள், அந்த நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டு 1870களில் இன்றைய ஓக்லஹோமாவில் சுமார் 15 லட்சம் ஏக்கரை விலைக்கு வாங்கினார்கள். விவசாயத்துக்கு உதவாத கரடுமுரடான நிலம். ஆனால் அரசு போட்ட பிச்சை அல்ல, காசு கொடுத்து வாங்கிய சொத்து. பின்னாளில் பேரம் பேச இதுவே அவர்களின் பலமானது.

1896இல் அந்த மொத்த நிலத்திலும் எண்ணெய் எடுக்கும் உரிமை, ஒரே குத்தகையாக ஃபாஸ்டர் என்பவருக்குப் போனது. ஓசேஜ் மக்களுக்குக் கிடைத்த எண்ணெய்ப் பங்கு பத்தில் ஒன்று.

அடுத்து, பொது நிலத்தைத் தனிநபர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. பிற பழங்குடிகள் இப்படித்தான் நிலத்தைத் துண்டு துண்டாக இழந்திருந்தார்கள். ஜேம்ஸ் பிக்ஹார்ட் போன்ற தலைவர்கள் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வைத்தார்கள்: மேல்நிலத்தைப் பிரிக்கலாம், அடியில் உள்ள எண்ணெய், எரிவாயு, கனிமங்கள் அனைத்தும் சமூகத்தின் பொதுச் சொத்து. பட்டியலில் இருந்த 2,229 பேருக்கும் வருமானத்தில் ஆளுக்கொரு சம பங்கு. அந்தப் பங்கை விற்க முடியாது. வாரிசுக்கு மட்டுமே போகும்.

மேல்நிலத்தின் பெரும்பகுதி வெள்ளையர் கைக்குப் போன பிறகும் அடிநிலம் நிலைத்தது. எண்ணெய் நிறுவனங்கள் பாஹஸ்கா ஊரின் ஒரு மரத்தடியில் நடந்த ஏலத்தில் போட்டி போட்டன. 1920களில் 160 ஏக்கர் குத்தகை ஒன்றே 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

உரிமையைப் பறிக்க முடியாதபோது ஆதிக்கம் என்ன செய்யும்? உரிமையாளரைத் 'தகுதியற்றவர்' ஆக்கும். 1921ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதியோ அதற்கு மேலோ பூர்வகுடி ரத்தம் உள்ளவர் 'தகுதிச் சான்றிதழ்' பெறும்வரை தன் சொந்தப் பணத்தில் மூன்று மாதத்துக்கு 1,000 டாலர்தான் எடுக்கலாம். மீதியைக் கையாள நீதிமன்றங்கள் காப்பாளர்களை நியமித்தன. பெரும்பாலும் உள்ளூர் வெள்ளை வழக்கறிஞர்களும் வணிகர்களும்தான் அந்தக் காப்பாளர்கள். ரத்தத்தை அளந்து அறிவை எடைபோடுவது நமக்குப் புதிதா என்ன?

பங்கு வாரிசுக்கு மட்டும் போகும் என்ற பாதுகாப்பையும் ஆயுதமாக்கினார்கள். ஓசேஜ் பெண்களை மணந்து, அவர்கள் குடும்பத்தையே கொன்று பங்கைச் சேர்ப்பது. இருபதுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டும், நஞ்சூட்டப்பட்டும், குண்டுவெடிப்பிலும் இறந்தார்கள். உள்ளூரில் செல்வாக்கு மிக்க பண்ணையார் வில்லியம் ஹேலுக்கு 1929இல்தான் ஆயுள் தண்டனை உறுதியானது. அதற்குள் 1925இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த வாரிசுவழி அடைக்கப்பட்டது.

போராட்டம் ஓயவில்லை. பொறுப்பாளராக இருந்த அமெரிக்க அரசு தங்கள் நிதியைச் சரியாக நிர்வகிக்கவில்லை என்று ஓசேஜ் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011இல் அரசு 38 கோடி டாலர் தர உடன்பட்டது. இன்னொரு வழக்கில், மேல்நிலத்தை மட்டும் குத்தகைக்கு எடுத்த காற்றாலை நிறுவனம் அடித்தளத்துக்காகப் பாறையைத் தோண்டி உடைத்தது. இதுவும் சுரங்க வேலைதான், ஓசேஜ் குத்தகை இல்லாமல் செய்ய முடியாது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2023இல் காற்றாலைகளை அகற்றவே உத்தரவு வந்தது. 1906இல் எழுதிய ஒரு நிபந்தனை நூறாண்டு கழித்தும் வேலை செய்கிறது.

நம் பஞ்சமி நிலத்துக்கும் பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. இருந்தும் நிலம் கைமாறியது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள்.

ஆகவே தங்கைக்கு என் பதில்: பட்டா யார் பெயரில் என்று மட்டும் கேட்காதே. குத்தகையில் கையெழுத்துப் போடுவது யார், பணம் யார் கைக்கு வருகிறது, நமக்குப் பின் அது யாருக்குப் போகும் என்றும் கேள். இந்தக் கேள்விகளைத் தனியாளாகக் கேட்காமல் சமூகமாகக் கேள்.