எடைகுறைப்பின் சமூக வரலாறு: 750 கிலோகிராம் விதியும் ‘வெள்ளி அம்பு’ ஐதீகமும்

தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர் பலர் இயந்திரத்தை அதனை ஆக்கிய சமூகத்தினின்றும் பிரித்தெடுத்து நோக்கும் இயல்பினர். பந்தயக் கார்களைப் பற்றிய எழுத்துக்களில் இப்போக்கு மிகுதியாகக் காணப்படுகின்றது. அங்கு பொறியியலாளன் காவியத் தலைவனாகின்றான், சாரதி வீரனாகின்றான், உலோகம் தானாகவே உருகித் தானாகவே வடிவம் பெறுகின்றது. இலக்கிய மாணவனொருவன் இத்துறையினுட் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயின், ஐதீகம் எங்கு உருவாகின்றதோ அங்கு இலக்கிய ஆய்வாளனுக்கும் பணியுண்டு. ஜேர்மனியிலே 1934இல் ஒரு காரிலிருந்து ஒரேயொரு கிலோகிராம் எடை குறைக்கப்பட்டது என்ற கதையே இக்கட்டுரையின் பொருளாகும்.

எடைகுறைப்பின் அடிப்படை எளியது. ஒரே வலுவுள்ள எஞ்சின் குறைந்த திணிவை இழுக்கும்போது வேகவளர்ச்சி கூடுகின்றது. தடுப்புக்களுக்கு வேலை குறைகின்றது. வளைவிலே சக்கரம் தாங்கவேண்டிய பக்க விசையும் குறைகின்றது. ஆகவே வலுவைக் கூட்டுவதும் எடையைக் குறைப்பதும் ஒரே நோக்கினை அடையும் இரு வழிகளாம். இவ்விரண்டில் எது எப்பொழுது முதன்மை பெறுகின்றது, அதற்கான விலையை யார் செலுத்துகின்றனர் என்பன பௌதிகவியல் விடைதரும் வினாக்களல்ல.

பந்தய நிருவாகிகள் எடைக்கு உச்சவரம்பு விதித்தமை 1934இல் முதன்முறையாக நிகழ்ந்ததன்று. 1902இல் பிரான்சிய மோட்டார்க் கழகத்தின் பந்தயங்களில் பெருங்கார்களுக்கு 1000 கிலோகிராம் என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. எடை கட்டுப்பட்டால் எஞ்சின் சிறுக்கும், எஞ்சின் சிறுத்தால் வேகம் தணியும் என்பது விதியாக்கியோர் கொண்ட தருக்கம். நடந்ததோ நேர்மாறானது. உற்பத்தியாளர் எஞ்சினைச் சிறுக்கவைக்கவில்லை. சட்டகத்தை மெலிவித்தனர், துளையிட்டனர், இருக்கையைப் பலகையளவிற்குக் குறைத்தனர். 1902ஆம் ஆண்டின் பனார் காரொன்று 13 லீற்றருக்கு மேற்பட்ட எஞ்சினை இவ்வரம்பினுள்ளே சுமந்து நின்றது. 1903 மே 24இல் தொடங்கிய பாரிஸ்–மட்ரிட் பந்தயத்தில் மார்செல் ரெனோ உட்படப் போட்டியாளரும், சாரதியருகே அமர்ந்து சென்ற இயந்திரவினைஞரும், வீதியோரத்துப் பார்வையாளரும் உயிரிழந்தனர். பந்தயம் போர்டோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. ரெனோவின் பெயர் எல்லா நூல்களிலும் உண்டு. வினைஞர்களின் பெயர்களைத் தேடியே காணவேண்டியுள்ளது.

அதே ஆண்டு யூலையில் அயர்லாந்தில் நிகழ்ந்த கோர்டன் பெனற் பந்தயமும் குறிப்பிடத்தக்கது. கன்ஸ்ராட் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயினால் 90 குதிரைவலுப் பந்தயக் கார்கள் அழிந்துபோயின. எனவே மேர்சிடிஸ் தரப்பினர் ஓர் அமெரிக்கச் செல்வருக்கு ஏற்கெனவே விற்றிருந்த 60 குதிரைவலு உலாவுக் காரை இரவல் பெற்று, அதன் ஆடம்பர மேலுடலைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினர். சாரதி ஜெனற்சி வென்றார். செல்வரின் சொகுசும் பந்தயகாரனின் வேகமும் ஒரே சட்டகத்தின் இரு கோலங்களென்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

இனி 1934ஆம் ஆண்டிற்கு வருவோம். 1932இல் சர்வதேச மோட்டார்க் கழகங்களின் சங்கம் புதிய விதியொன்றை அறிவித்தது. சாரதி, எரிபொருள், எண்ணெய், நீர், ரயர் ஆகியன நீங்கலாகக் காரின் எடை 750 கிலோகிராமை மீறலாகாது என்பதே அது. அக்காலத்தில் முன்னணியில் நின்ற இத்தாலிய அல்பா றோமியோ கார் இரண்டரை லீற்றரைச் சிறிது மீறிய எஞ்சினுடன் ஏறத்தாழ 700 கிலோகிராம் எடைகொண்டிருந்தது. அந்த அளவிலேயே எஞ்சின்கள் நின்றுவிடுமென எதிர்பார்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முந்திய பாடத்தை யாரும் நினைவிற் கொண்டதாகத் தெரியவில்லை. 1937இல் மேர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 125 கார் ஐந்தரை லீற்றருக்கு மேற்பட்ட எஞ்சினுடனும், அறுநூறை அண்மிய குதிரைவலுவுடனும் அதே 750 கிலோகிராம் வரம்பினுள்ளே நின்றது. ‘கிரான் பிறீ’ கார்களில் இவ்வலுவினை மிஞ்சியவை 1980களிலேயே தோன்றின. வேகத்தைத் தணிக்க எழுந்த விதி, எடை குறைந்த உலோகங்கள் மீது அதிகாரம் படைத்தவனுக்கு வழிதிறந்து விட்டது.

அவ்வதிகாரம் யாரிடமிருந்தது? 1933 பெப்ருவரி 11இல், ஆட்சிக்கு வந்து இரு வாரங்கள்கூட நிறைவுறாத நிலையில், ஹிற்லர் பேர்லின் மோட்டார்க் கண்காட்சியைத் திறந்துவைத்து உரையாற்றினான். மோட்டார் வாகனங்களுக்கு வரிச்சலுகை, பெருவீதிகள், மோட்டார் விளையாட்டுக்கு ஊக்கம் என்பன அவ்வுரையின் வாக்குறுதிகள். பந்தயத்துக்கென ஒதுக்கப்பட்ட அரச மானியம் டைம்லர்-பென்ஸ், ஓட்டோ யூனியன் ஆகிய இரு நிறுவனங்களுக்கிடையே பங்கிடப்பட்டது. மானியம் மொத்தச் செலவின் ஒரு பகுதியையே ஈடுசெய்தது என நிறுவனங்களின் சார்பில் வாதிடுவோர் உளர். அது உண்மையே. ஆனால், மறு ஆயுதமாக்கலின்போது அந்நிறுவனங்கள் பெற்ற அரச கட்டளைகளையும் உடன்வைத்தே மானியத்தை நோக்குதல் வேண்டும். டைம்லர்-பென்ஸ் அன்று கார் மட்டும் ஆக்கிய நிறுவனமன்று. மெசர்சிமிற் போர்விமானத்தின் எஞ்சினும் அதனதே. இன்னொரு நாளையும் இங்கு நினைவூட்டவேண்டும். 1933 மே 2இல் ஜேர்மனியின் தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன, அவற்றின் அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன, தலைவர்கள் சிறையிடப்பட்டனர். பொருளாதார மந்தகாலத்தில் வீழ்ச்சியுற்ற கூலிமட்டம் அப்படியே உறைநிலையில் வைக்கப்பட்டது. வெள்ளிநிறக் கார்கள் இத்தகைய தொழிற்சாலைகளிலிருந்தே வெளிவந்தன.

உலோகங்களுக்கும் வரலாறுண்டு. அலுமினியத்துக்கு வேண்டிய பொக்சைற் ஜேர்மனியில் மிகச் சொற்பம்; ஹங்கேரியிலிருந்தும் யூகோசிலாவியாவிலிருந்தும் அது வரவேண்டியிருந்தது. எனினும் 1930களின் இறுதியில் உலகின் மிகப்பெரிய அலுமினிய உற்பத்தி நாடாக ஜேர்மனி மாறியது. மகனீசியக் கலப்புலோகமாகிய எலெக்ட்ரொன், ஐ.ஜீ. பார்பென் என்ற இராட்சத இரசாயனக் கூட்டின் கையிலிருந்தது. விமானத்துக்காகப் பெருக்கப்பட்ட உலோகமே பந்தயக் காரையும் இலேசாக்கியது. இலேசான கார் என்பது ஒருவகையிற் சக்கரம் பூட்டிய விமானவியலே.

ஐதீகம் இதுதான். 1934 யூன் 3இல் நியூர்பேர்க்ரிங் களத்தில் ஐபல் பந்தயம். முதல்நாள் எடையிடும்போது டபிள்யூ 25 கார் 751 கிலோகிராம் காட்டுகின்றது. குழு முகாமையாளர் அல்பிரெட் நொய்பவர் திகைக்கின்றார். ஜேர்மனியின் தேசிய நிறமாகிய வெள்ளைப் பூச்சினைச் சுரண்டிவிடலாம் என்ற எண்ணம் பளிச்சிடுகின்றது. இயந்திரவினைஞர்கள் இரவு முழுவதும் சுரண்டுகின்றனர். விடிந்ததும் அலுமினியம் வெள்ளியாய் ஒளிர, தராசு 750ஐக் காட்டுகின்றது. மான்பிரெட் பொன் பிரவுகிட்ச் வெல்கின்றார். ‘வெள்ளி அம்பு’ பிறக்கின்றது.

நொய்பவரின் நினைவுக்குறிப்புகள் 1958இல் வெளிவந்து இக்கதையை எங்கும் பரப்பின. இதனை ஐயுறுவதற்குப் பின்வந்த ஆய்வாளர் காட்டிய காரணங்கள் வலுவானவை. அந்த ஐபல் பந்தயம் 750 கிலோகிராம் விதிக்குக் கட்டுப்படாத திறந்த பந்தயமாகவே நடத்தப்பட்டது. ஆகவே ஒரு கிலோகிராமுக்காக அஞ்சவேண்டிய தேவையே இல்லை. 1932இல் பேர்லின் ஆவுஸ் பந்தயத்தில் இதே பிரவுகிட்ச் ஓட்டி வென்ற மேர்சிடிஸ் காரின் அலுமினிய உடலுக்கு வெள்ளைப்பூச்சு இருக்கவில்லை. ஓட்டோ யூனியன் காரும் 1934இன் தொடக்கத்திலேயே வெள்ளிநிறத்துடன் வெளிவந்துவிட்டது. எனவே வெள்ளிநிறம் அவ்விரவில் தற்செயலாகப் பிறந்தது என்பது ஏற்கத்தக்கதன்று.

இவ்விடத்தில் நமது வினா, கதை உண்மையா பொய்யா என்பதுடன் முடிவடைவதில்லை. 1958இல் இக்கதை ஏன் தேவைப்பட்டது? அது சொல்வதினும் சொல்லாது விடுவதே கூடுதலாகும். அரச மானியம் அதில் இல்லை. பந்தயக்களத்தில் பறந்த சுவஸ்திகா இல்லை. எஸ்.எஸ். படையின் உறுப்பினராயிருந்து, 1938 சனவரி 28இல் பெருவீதியில் வேகச் சாதனைக்கு முயன்று இறந்த ஓட்டோ யூனியன் சாரதி பேர்ண்ட் றோசமையரும் அக்கதைக்குள் அடங்கார். அங்கு இருப்பவை ஒரு தராசு, ஒரு மதியூகி, உழைப்பை மனமுவந்து நல்கும் சில முகமற்ற கைகள் என்பனவே. ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலை தொழிலாளியை எவ்வாறு நினைவுகூர விரும்புகின்றது என்பதற்கு இந்த இரவுக்காட்சி நல்ல சான்று. கேட்காமலே இரவெல்லாம் உழைப்பான். விடிந்ததும் பெயரின்றி மறைவான். நாசி ஆண்டுகளின் அத்தனை பாரமும் ஒரு கிலோகிராம் வர்ணமாகச் சுருங்கி நிலத்தில் உதிர்ந்துவிடுகின்றது. இதே விதியின்கீழ் ஓடி, இதே நிறம் பூண்டு, சில பந்தயங்களில் மேர்சிடிஸையே தோற்கடித்த ஓட்டோ யூனியனுக்கு இத்தகைய பிறப்புக் கதையொன்று வாய்க்கவில்லை. போரின் பின் அதன் சாக்சனித் தொழிற்சாலைகள் சோவியத் வலயத்தில் அகப்பட்டன. பந்தயக் கார்கள் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஐதீகத்தைப் பேணுவதற்கும் ஒரு நிறுவனமும் அதன் விளம்பரப் பிரிவும் வேண்டும் போலும்.

கதை விட்ட இடத்தை நிறுவனங்களின் ஆவணங்களே பின்னர் நிரப்பின. 1944இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் ஏறத்தாழ 63,000 தொழிலாளருட் பாதியளவினர் கட்டாய உழைப்பாளர், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள் என்போராவர். இதனை நிறுவனமே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டுள்ளது. ஓட்டோ யூனியனின் வழித்தோன்றலாகிய அவுடி நிறுவனம் செய்வித்து 2014இல் வெளியான ஆய்வு, போர்க்காலத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கட்டாய உழைப்பாளர் அங்கு பயன்படுத்தப்பட்டதைக் காட்டியது. 1934இன் கார்களை இவர்கள் ஆக்கவில்லை. காலத்தைக் குழப்புவது ஆய்வாகாது. ஆனால் அக்கார்களை ஆக்கிய நிறுவனங்களும், தொழிற்சங்கமற்ற தொழிற்சாலை ஒழுங்கும், போர்த்தொழிலுடனான பிணைப்பும் இடையறாத் தொடர்ச்சி கொண்டவை.

எலெக்ட்ரொன் பின்னரும் ஒருமுறை வரலாற்றிற் தோன்றுகின்றது. 1955 யூன் 11இல் லெ மான் பந்தயத்தில் மேர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கார் பார்வையாளர் பகுதியினுள் வீழ்ந்து சிதறியது. எடை குறைக்கவென மகனீசியக் கலப்புலோகத்தால் ஆக்கப்பட்ட அதன் உடல் வெண்சுவாலையாய் எரிந்தது. நீரூற்ற மேலும் மூண்டது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; பந்தயம் தொடர்ந்து நடந்தது. அக்காரின் பெயரிலுள்ள ‘எல்’ என்ற எழுத்து ‘இலேசானது’ எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்தாகும். அவ்வகையைச் சேர்ந்த மூடிய கார் ஒன்று 2022இல் 13 கோடி 50 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது.

விதிகளின் வரலாற்றில் ஒரு திருப்பத்தையும் குறிப்பிடவேண்டும். 750 கிலோகிராம் விதி 1937உடன் முடிவுற்றது. 1938இன் புதிய விதி எஞ்சினின் கொள்ளளவுக்கு உச்சவரம்பும் காரின் எடைக்குக் கீழ்வரம்பும் விதித்தது. மிகையூட்டி பொருத்திய மூன்று லீற்றர்க் கார் 850 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்றது. 1961இல் முதலாம் சூத்திரப் பந்தயத்துக்கு 450 கிலோகிராம் என்ற கீழ்வரம்பு வந்தது. அதன் பின் பந்தயத் தராசில் ‘எடை போதாது’ என்பதே குற்றமாயிற்று.