ஜெனீவா பிரகடனமும் கம்பாலா நீதிமன்றமும்

2011 டிசம்பர் 6ஆம் திகதி ஜெனீவாவில் இருந்து வந்த செய்தியொன்றை அன்றிரவு தமிழில் எழுதவேண்டிய பொறுப்பு எனக்கு இருந்தது. ஜெனீவா என்றால் எமது வாசகர்களுக்கு ஒரேயொரு விவகாரமே நினைவுக்கு வரும். அன்றைய செய்தியோ முற்றிலும் வேறானது. அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஹிலாரி கிளின்டன், தன்பாலினத்தவர்களின் உரிமைகளும் மனித உரிமைகளே என்று இராஜதந்திரிகள் முன்னிலையில் பிரகடனம் செய்திருந்தார். வெளிநாடுகளில் செயற்படும் சகல அமெரிக்க நிறுவனங்களும் அந்த உரிமைகளை மேம்படுத்தவேண்டும் என்று அதே தினம் ஜனாதிபதி ஒபாமா பணிப்புரை விடுத்தார். எவரையும் இழிவுபடுத்தாத ஒரு தமிழ்ச்சொல்லைத் தேடுவதிலேயே எனக்கு அரைமணி நேரம் கழிந்தது.

கிளின்டன் தலைமை தாங்கிய இராஜாங்கத் திணைக்களத்தின் கடந்தகாலம் அந்த உரையுடன் பொருந்துவதல்ல. தன்பாலினத்தவர்கள் என்று கருதப்பட்ட 91 பேர் அத்திணைக்களத்தில் இருந்து வெளியேற்றப்பட்டதாக அதன் உயரதிகாரி ஜோன் பியூரிஃபோய் 1950 பெப்ரவரியில் செனட் குழுவொன்றின் முன் கூறினார். சோவியத் உளவாளிகள் அத்தகையவர்களை மிரட்டி இரகசியங்களைக் கறந்துவிடுவர் என்பதே சொல்லப்பட்ட நியாயம். மறைந்து வாழும்படி அவர்களை நிர்ப்பந்தித்த அரசே அந்த மறைவை அவர்களுக்கு எதிரான குற்றச்சாட்டாகவும் ஆக்கியது. 1953இல் ஜனாதிபதி ஐசனோவரின் 10450ஆம் இலக்க ஆணை இந்த வேட்டையை ஏனைய திணைக்களங்களுக்கும் விரித்தது. இராஜாங்கத் திணைக்களத்தில் மாத்திரம் ஏறத்தாழ ஆயிரம் பேர் தொழிலிழந்ததாக மதிப்பிடப்படுகிறது. இதற்காக ஜோன் கெரி மன்னிப்புக் கோரியதோ 2017 ஜனவரியில், அவர் பதவியைவிட்டுச் செல்வதற்குச் சில தினங்களே இருந்தபோது!

தனது நாட்டின் சில பகுதிகளில் 2003 வரை தன்பாலின உறவு குற்றமாகவே இருந்தது என்பதைக் கிளின்டன் ஜெனீவாவில் ஒப்புக்கொள்ளத் தவறவில்லை. 2011 ஜூனில் மனித உரிமைகள் பேரவையில் இவ்விடயம் தொடர்பான முதலாவது தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடு தென்னாபிரிக்கா என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 23 நாடுகள் ஆதரவாகவும் 19 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன.

இந்த இராஜதந்திரத்தின் பெறுமதி உகண்டாவில் சோதனைக்குள்ளானது. ஜனாதிபதி முசவேனி 2014 பெப்ரவரியில் ஆயுட்சிறைக்கு வழிசெய்யும் சட்டத்தில் கைச்சாத்திட்டதும் உலக வங்கி 9 கோடி டொலர் சுகாதாரக் கடனை ஒத்திவைத்தது. கடனையும் உதவியையும் காட்டி மிரட்டுவது, ஆட்சியாளர்களுக்கு இறைமைக் காவலர் வேடம் புனைவதற்கான வாய்ப்பையே பெரும்பாலும் வழங்குகிறது என்பது எனது அபிப்பிராயம். உகண்டாவில் தன்பாலின உறவை முதலில் குற்றமாக்கிய சட்டம் எமது தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவைப் போன்றே பிரிட்டிஷார் விட்டுச்சென்ற சொத்து என்பதை அந்தக் காவலர்கள் பேசுவதில்லை.

2014 ஆகஸ்டில் அந்தச் சட்டத்தை வீழ்த்தியது கம்பாலாவின் அரசியலமைப்பு நீதிமன்றம். பாராளுமன்றத்தில் கூட்ட நடப்பெண் இன்றி அது நிறைவேற்றப்பட்டதாக நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். வழக்குத் தொடுத்தவர்கள் உகண்டா நாட்டவர்கள். அவர்களில் அன்ட்ரூ முவெண்டா என்ற பத்திரிகையாளரும் ஒருவர்.

2023 மே மாதம் மரணதண்டனையையும் உள்ளடக்கிய புதிய சட்டம் வந்தது. 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை உறுதிசெய்தது. மனுதாரர்கள் இம்முறை தோற்றார்கள். 2025 ஜனவரி 20ஆம் திகதி வாஷிங்டனில் மீண்டும் பதவியேற்ற டொனால்ட் ட்ரம்ப், முதல்நாளிலேயே வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தினார். வழக்காடியவர்கள் இன்னமும் கம்பாலாவிலேயே வாழவேண்டியிருக்கிறது.