ஹனுக்கா விளக்கும் பாலிமர் களிமண்ணும்
கி.மு. 164இல் யூதக் கிளர்ச்சியாளரான மக்கபேயர் செலூக்கிய ஆட்சியாளரிடமிருந்து எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியதை நினைவுகூரும் ஹனுக்கா, எட்டு இரவுகள் விளக்கேற்றிக் கொண்டாடப்படும் யூதப் பண்டிகையாகும். முதல் இரவில் ஒரு சுடரேற்றி இரவுக்கொன்றாகக் கூட்டுவதா, எட்டில் தொடங்கிக் குறைப்பதா என்று யூத அறிஞர்களான ஹில்லேல், ஷம்மாய் ஆகியோரின் மரபினர் மாறுபட்டதை, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்மூது பதிவுசெய்துள்ளது. நிலைத்தது, கூட்டிச்செல்லும் ஹில்லேல் வழக்கே. ஆலயத்தின் ஏழு கிளை விளக்கை அப்படியே நகலெடுக்கலாகாது என்றும் அந்நூல் விலக்குகிறது. எட்டுச் சுடர்களோடு, 'பணியாள்' எனப் பொருள்படும் ஷமாஷ் என்ற ஒன்பதாவதும் கொண்ட வீட்டு விளக்கு அத்தடையில் சிக்குவதில்லை.

கிண்ணத்தில் எண்ணெய் வார்த்துச் சுற்றிலும் திரியிட்டாலும், மேலே ஒரு கலத்தைக் கவிழ்த்துச் சுடர்களைப் பிரிக்காவிடில் அது விளக்காகாது, வெறும் நெருப்பாகவே கருதப்படும் என்ற தால்மூதின் நுணுக்கமே கைவினைஞர்களுக்கு இன்றும் அளவுகோல். மெழுகுவர்த்திக் குழிகளை அவர்கள் இடைவெளி விட்டு அமைப்பதும் இதனாலேயே.

இவ்விளக்குகளைச் செய்ய இன்று பயன்படும் பொருள்களில் ஒன்றான பாலிமர் களிமண் பெயரளவில்தான் மண். பிவிசி பிசினை நெகிழ்வூட்டும் எண்ணெய்ப் பொருளோடு பிசைந்த அந்தக் கலவையை, சூளையின்றி வீட்டு ஓவனிலேயே சுமார் 110 பாகை செல்சியஸில் அரைமணி நேரம் சுட்டால் இறுகிவிடும். ஜெர்மானியப் பொம்மைக் கலைஞர் கேத்தே குரூசெயின் மகள் சோஃபி உருவாக்கிய இத்தகைய கலவையே 1960களில் ஃபிமோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அகலின் சுடுமண் தீயைத் தாங்கும், இதுவோ கருகிப் புகையும் என்பதால், ஒவ்வொரு குழியிலும் உலோகக் கிண்ணமோ, போல்ட்டில் முடுக்கும் இரும்பு நட்டோ பதிக்கப்படுகிறது.