வேலியில் நின்ற விருந்தாளி

கொங்கு நாட்டில் ஒரு செடிக்கு 'ரயில் கத்தாழை' என்று பெயர். சாம்பல் பூத்த தடித்த மடல்கள். மடலின் இரண்டு ஓரங்களிலும் ரம்பப் பல். நுனியிலே கோணி ஊசி போல ஒரு முள். சோற்றுக் கற்றாழையை மட்டும் அறிந்தவர்கள் இதை அதன் பெரியண்ணன் என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இதற்கு ஆனைக் கற்றாழை என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரின் பொருத்தம் செடியின் உருவத்தைப் பார்த்தவுடனேயே விளங்கிவிடும். ஆனால் ரயிலுக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்?

பெயரில்தான் சரித்திரம் இருக்கிறது. 1856-ம் வருஷம் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய ரயில், 1862-ல் போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரைத் தொட்டுவிட்டது. கோயம்புத்தூர் பட்டணம் அந்தப் பாதையில் இல்லை என்பது வேடிக்கை. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்ட பிறகுதான் கோவைக்காரர்கள் தங்கள் ஊரிலேயே ரயில் ஏற முடிந்தது.

பாதை போட்டால் போதுமா? காலங்காலமாக மேய்ந்த வழியில் திடீரென்று இரும்பைப் போட்டால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது எப்படித் தெரியும்? வேலி வேண்டும். விறகு வேலி போட்டால் பாதியைக் கறையான் தின்னும்; மீதியை அடுப்பு தின்னும். கல் சுவர் எழுப்பச் செலவு தாங்காது. கத்தாழையோ தண்ணீர் கேட்காது. ஆடு அதன் பக்கம் வாய் வைக்காது. எஞ்சினிலிருந்து பறக்கும் பொறியில் சுலபமாகப் பற்றிக்கொள்ளாது. இருப்புப் பாதை ஓரமெல்லாம் அது காவலுக்கு நின்றது. ஜனங்கள் ரயிலையும் செடியையும் சேர்த்தே பார்த்தார்கள். சேர்த்தே பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் செடி ரயிலைவிட மிகவும் மூத்தது. அதன் பிறந்தகம் மெக்ஸிகோ. போர்த்துகீசியர்கள்தாம் மிளகாயையும் முந்திரியையும் போல இதையும் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1753-ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி இதற்கு 'அகாவே' என்று பெயரிட்டார். மேன்மை பொருந்தியது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் கருத்து. வேலியோரத்துச் செடிக்கு இத்தனை பெரிய பட்டமா என்று சிரிக்க வேண்டாம். மெக்ஸிகோவின் பழங்குடி மக்களுக்கு அது நம்முடைய பனை மாதிரி. அதன் நாரில் துணி நெய்தார்கள். நுனி முள்ளை நாரோடு சேர்த்து உரித்தால் ஊசியும் நூலும் ஒன்றாகவே வந்துவிடும். பூத்தண்டு கிளம்பும் சமயம் பார்த்துக் குருத்தை வெட்டிக் குழி செய்தால், பதநீர் போல இனிப்பு நீர் ஊறும். புளிக்க வைத்தால் கள். மாயாவெல் என்று ஒரு தேவியாகவே அதைக் கொண்டாடினார்கள்.

அமெரிக்காவிலிருந்து இன்னொரு முள் செடியும் நம்மிடம் வந்தது. அதுதான் சப்பாத்திக் கள்ளி. அதையும் வேலிக்கென்று வைத்தவர்கள் உண்டு. ஆனால் அது வேலியில் நிற்கவில்லை. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பின; ஒடிந்து விழுந்த துண்டெல்லாம் வேர்விட்டது. காடும் மேய்ச்சலும் கள்ளிக்குள் மறைந்தன. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியை வரவழைத்து விட்டார்கள். தென்னிந்தியாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கரில் கள்ளியை அந்தப் பூச்சி அழித்தது. ஒரே கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிகள் இருவர். ஒருவர் வீட்டையே வளைத்துக்கொண்டார். மற்றவர் நிறுத்திய இடத்தில் ஏறக்குறைய அப்படியே நின்றார். ஊர் யாரை வைத்துக்கொள்ளும் என்று கேட்கவும் வேண்டுமா?

கொங்கு நாடு மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் தாராளமாக வரும். பூளைமேடு என்பதே பீளமேடு ஆயிற்று என்பார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்க்கிறோமே, அந்தப் பூளைப்பூ. வறண்ட மேட்டில் தானாக முளைக்கும் செடி. அப்படிப்பட்ட மண்ணில் கத்தாழைக்கு வேற்றூர் என்ற எண்ணமே வந்திருக்காது. மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து நீரை இழக்கும். இது பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில்தான் காற்றை உள்ளே வாங்கும். சிக்கனத்துக்குப் பெயர் போன ஜில்லாவுக்கு ஏற்ற செடிதான்!

வேலி என்றால் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கிறது. ஆனால் கத்தாழை வேலியில் ஒரு விசேஷம் உண்டு. மடலை அறுத்து, நசுக்கி, குட்டையில் பல நாள் ஊறப்போட்டு, அழுகிய சோற்றை அலசினால் வெள்ளை வெளேரென்று நார் வரும். சொல்வதற்கு ஒரு வரி, செய்வதற்கு அப்படியல்ல. குட்டையின் நாற்றம் குடலைப் பிடுங்கும். சாறு பட்ட கை அரிக்கும். நிலமில்லாத ஏழைகள் பலர் அந்த அரிப்பையும் நாற்றத்தையும் சகித்துக்கொண்டு கயிறு திரித்தார்கள். மாடு கட்டவும், வண்டியில் பாரம் கட்டவும், கட்டில் பின்னவும் அந்தக் கயிறு பயன்பட்டது. தோட்டத்துக்குள்ளே விளைந்தது தோட்டக்காரருக்கு. பொழியில் நின்ற கத்தாழை மடல் கேட்டு அறுத்துக்கொள்பவருக்கு.

இதே நார் வேறு தேசங்களில் வேறு கதை சொல்லும். மெக்ஸிகோவின் யுகட்டான் பகுதியில் கத்தாழைப் பண்ணை முதலாளிகள் மாளிகை கட்டினார்கள். மடல் அறுத்த மாயா இனத்து ஏழைகளோ கடனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தார்கள். 1893-ல் ஹிண்டார்ஃப் என்ற ஜெர்மானியர், ஃபுளோரிடாவிலிருந்து சைசால் என்ற கத்தாழை இனத்தின் கன்றுகள் ஆயிரத்தைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத் தருவித்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை 62. அவற்றின் சந்ததியே பெருகிப் பெருகி, ஒரு காலத்தில் தங்கனிகா நாட்டை உலகச் சைசால் சந்தையில் முதலிடத்துக்குக் கொண்டுபோயிற்று. அங்கெல்லாம் கத்தாழை பண்ணைப் பயிர். நம் பக்கம் அது பெரும்பாலும் வேலிப் பயிராகவே இருந்துவிட்டது. லாபம் சிறிதுதான். ஆனால் அந்தச் சிறிது வேலிக்கு வெளியே இருந்தவனுக்கும் கிடைத்தது.

வேலி என்று சொன்னால் பங்காளிச் சண்டை என்று சேர்த்துச் சொல்லாத கிராமம் உண்டா? கத்தாழை ஏறக்குறைய நிறுத்திய இடத்தில் நிற்கும் என்றேன். அந்த 'ஏறக்குறைய'யில்தான் விவகாரம் இருக்கிறது. தாய்ச் செடியைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் கிளம்பும். வருஷத்துக்கு ஒரு சாண் நகர்ந்தாலும், பேரன் காலத்தில் வேலி யார் நிலத்தில் நிற்கிறது என்று அளவுச் சங்கிலியைத் தேட வேண்டியதுதான். ஆனால் பாகப் பிரிவினையைப் பற்றிப் பீளமேட்டுக்கு வேறு விதமான ஒரு கதையும் உண்டு. கள்ளிக்குப் பூச்சி வந்த அதே 1926-ல், பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் குடும்பச் சொத்தைப் பிரித்தார்கள். நான்காக அல்ல, ஐந்தாக. ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. அந்தப் பங்கிலிருந்து கிளைத்து வளர்ந்தவைதாம் 1947-ல் வந்த கலைக் கல்லூரியும் 1951-ல் வந்த பொறியியல் கல்லூரியும். வேலிக்கு வெளியே இருப்பவனுக்கும் ஒரு பங்கு என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவினாசி சாலையில் நின்று பார்த்தாலே போதும்.

1932-ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. பருத்திக் காடு மனைகளாயிற்று. மனைக்கு மதில் சுவர் வந்தது. நைலான் கயிறும் வந்து, கத்தாழை நாரைத் தேடுவாரும் குறைந்தார்கள். மதில் நல்ல காவல்தான். ஆனால் அதன் வெளிப்புறத்தில் யாருக்கும் ஒன்றும் முளைப்பதில்லை.

விரட்டப்பட்ட செடி இப்போது அலங்காரச் செடியாகத் திரும்பி வந்திருக்கிறது. மடலோரத்தில் மஞ்சள் கரை போட்ட ரகத்தைப் பங்களாத் தோட்டங்களில் காணலாம். வைக்க விரும்பும் நேயர்களுக்கு இந்தச் சரித்திரமே பாடம். வாசற்படி அருகில் வைக்காதீர்கள். 'வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட' கதையாகிவிடும். நடைபாதையிலிருந்து பத்தடியாவது தள்ளி, நாள் முழுதும் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். கோவையின் கரிசல் மண் ஈரத்தை விடாது, வேர் அழுகும். ஆகவே செம்மண்ணும் சரளையும் கலந்து ஒரு மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள். முதல் வருஷம் கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் போதும்; ஐப்பசி மழையில் அதுவும் வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீடானால் நுனி முள்ளை நறுக்கிவிடுங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் என்பது கட்டுக்கதை. பத்திலிருந்து முப்பது வருஷத்துக்குள் ஒரு நாள் நடுவிலிருந்து தண்டு கிளம்பி, 20, 25 அடி உயரத்துக்குப் போய், மஞ்சள் பூக்களை ஏந்தி நிற்கும். அதுதான் முதல் பூ, கடைசிப் பூ. வாழை குலை தள்ளியதும் சாய்வதுபோல, அத்தனை வருஷம் சேமித்ததையெல்லாம் ஒரே தண்டுக்குக் கொடுத்துவிட்டுத் தாய்ச் செடி வாடிப்போகும். அடியில் கன்றுகள் இருக்கும்.

அந்தக் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே கடப்பாரையால் எடுத்துவிட வேண்டும். ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கொடுங்கள். விலை வாங்க வேண்டாம். அந்த வழக்கம் இந்தச் செடி நம் ஊரில் வேலியாக நின்ற காலத்திலேயே ஏற்பட்டுவிட்டது.