ஸ்டீல்ஹெட் தூண்டில் ஈ

தூண்டில் முள்ளின்மேல் இறகும் ரோமமும் நூலால் கட்டிச் செய்யும் பொய் இரை. பெயர்தான் ஈ; அட்டை, இறால், மீன்முட்டை உருவங்களும் இதில் அடக்கம். ஸ்டீல்ஹெட் என்பது கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் வானவில் டிரவுட்.

ஆறேறும் ஸ்டீல்ஹெட் அதிகம் இரை தேடுவதில்லை. அதனால் பூச்சியை அச்சு அசலாகப் போலச் செய்வதைவிட, மீனைச் சீண்டுவதே முக்கியம். புதியவர்கள் நூறு வகை வாங்கிப் பெட்டியை நிரப்புவது பெரும்பாலும் மனத்திருப்திக்குத்தான். மூன்று நான்கு போதும்.

அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் ஆறுகளில் கோடைக்கு ‘கிரீன் பட் ஸ்கங்க்’ நல்ல தொடக்கம்: சிவப்பு வால், பளிச்சென்ற பச்சைப் பின்புறம், வெள்ளிக் கம்பி சுற்றிய கறுப்பு உடல், மேலே வெள்ளை ரோமம். 6ஆம் எண் முள் பொருந்தும் (எண் கூடினால் முள் சிறுக்கும்). நீரோட்டத்துக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசிவிட்டால், இழுபடும் நூல் ஈயை வில்போல் வளைத்துக் கரைப்பக்கம் கொண்டுவரும். அந்த வளைவில்தான் மீன் அடிக்கும்; உடனே வெடுக்கென்று இழுத்தால் போச்சு.

குளிர்காலத்தில் ஆறு கலங்கிப் பெருகும்போது, ‘இன்ட்ரூடர்’ போன்ற நீண்ட, அலையும் இறகுள்ள ஈக்கள் தேவை. கறுப்பு-நீலம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு எடுபடும். ஸ்டீல்ஹெட் குடியேற்றப்பட்ட வட அமெரிக்கப் பேரேரிகளில் கலக்கும் ஆறுகளில், மிதவைக்குக் கீழே முட்டை உரு கட்டி ஓடவிடுவதே பரவலான வழக்கம்.