தென்காசிக் கோபுரம்

ஆங்கில நாட்டுக் கிராமமொன்றை நாடிச் செல்லும் வழிப்போக்கனுக்கு மாதாகோவிலின் ஊசிக்கோபுரம் தொலைவிலேயே ஊரை அறிவித்துவிடுவது போல, பாவூர்சத்திரத்துப் பக்கமிருந்து வருகிறவனுக்குத் தென்காசியை அறிவிப்பது, குற்றால மலையைப் பின்திரையாகக் கொண்டு ஒன்பது நிலைகளோடு சுமார் 180 அடி ஓங்கி நிற்கும் காசிவிசுவநாதர் ஆலயத்தின் ராஜகோபுரமே ஆகும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும் சாரற்காற்று, அந்த வாசலில் நுழைகிறவனை முதலில் எதிர்த்து நிறுத்திப் பின்பு முதுகில் கைவைத்து உள்ளே தள்ளும் என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள்.

மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டிய வம்சத்தில் வந்த பராக்கிரம பாண்டியன், 1446இல் இத்திருப்பணியைத் தொடங்கினான். இறைவன் கனவிலே தோன்றி, எறும்புச் சாரை சென்று முடியும் இடத்தில் கோயில் எடுக்குமாறு பணித்தான் என்பதும், சிற்றாற்றங்கரையில் அது முடிந்த இடமே தென்காசியாயிற்று என்பதும் ஸ்தல ஐதிகம். கோபுரத்தை முடித்தவன் அவன் தம்பி குலசேகரன். நைடதம் பாடிய அதிவீரராமனும் பின்னாளில் இங்கிருந்தே அரசாண்டான்.

அரசர்கள் கல்லிலே தங்கள் வெற்றிகளைப் பொறிப்பது உலக வழக்கம். பராக்கிரமனோ, இவ்வாலயம் ஒரு காலத்தில் பழுதுறக் கூடுமென்று எண்ணி, அப்போது அதைச் செப்பனிடுவோர் எவராயினும் அவர்தம் பாதங்களில் தான் வீழ்ந்து வணங்குவதாகப் பாட்டாகவே பொறித்து வைத்தான். தன் குலத்தின் ஐசுவரியம் தேய்வதைக் கண்டவனுக்கே, கல்லும் ஒருநாள் சரியும் என்ற ஞானம் வாய்க்கும் போலும்!

அவன் அஞ்சியபடியே கோபுரம் இடியால் சிதைந்து, மேல்நிலைகளை இழந்து, பிளவுபட்டு நெடுங்காலம் நின்றது. ரசிகமணி டி.கே.சி.யின் விருந்தோம்பலை நாடியும், ஐந்தருவியிலும் பேரருவியிலும் நீராடவும் தென்காசியில் ரயிலை விட்டிறங்கிக் குற்றாலம் சென்ற ஒரு தலைமுறையினர் கண்டது அந்தச் சிதைந்த உருவையே. முடிவில் சிவந்தி ஆதித்தனின் முன்முயற்சியால் கோபுரம் மீண்டும் எழும்பி, 1990இல் குடமுழுக்குக் கண்டது. அரசன் முன்கூட்டியே யாரை வணங்கியிருந்தானோ அவர்கள், ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்து, சாரம் கட்டி, செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்து ஏறினார்கள்.