சனமில்லாத அழகு

ஸ்கொட்லாந்தின் வடகரையைச் சுற்றி, இன்வெர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும் 830 கிலோமீற்றர் பாதையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மலை, ஏரி, கடல். "சனமே இல்லை, என்ன அமைதி!" என்கிறோம்.

சனம் இருந்தது. ஸ்ட்ரத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் ஊர் ஊராக எழுப்பி, வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். காணி சதர்லாந்து பிரபு குடும்பத்துடையது. ஆடு வளர்த்தால் குத்தகை கூட. முன்னின்ற பற்றிக் செல்லர்தான் புதிய பண்ணையின் குத்தகைக்காரரும். 1816இல் அதே இன்வெர்னஸில் வழக்கு நடந்தது. விடுதலையானார்.

துரத்தப்பட்டவர்களுக்குக் கரையோரக் கல்லுத்தரை கிடைத்தது. பலர் கனடாவுக்குக் கப்பலேறினர். (ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.) கரையில் உருவான பெட்டிஹில்லுக்குப் பெயர் வந்ததோ காணிக்காரச் சீமாட்டி எலிசபெத்தால்!

காரை நிறுத்திக் கொஞ்சம் நடந்தால், ரோசல் கிராமத்து வீடுகளின் அத்திவாரக் கற்கள் இன்றும் புல்லுக்குள் கிடக்கின்றன.